கோல்கம்பத்துக்கு மேல் தண்ணீர்

மதகுக் குடிசை
2022 மே 29

நஷ்மியா அக்காவுக்கு,

இன்று காலை படகின் மூக்கு தெரிந்தது.

எந்தப் படகு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் இடது கோல்கம்பம். ஏரிக்கு நடுவே, நாணல் திட்டுக்கு இந்தப் பக்கம், கறுப்பாக ஒரு விரல். முதலில் நீர்க்காகம் என்று நினைத்தேன். பறக்கவில்லை. தொலைநோக்கியில் பார்த்தேன். தார் பூசிய மரம். வாத்தின் கழுத்துபோல் வளைந்த முனை.

மதகுச் சுவரில் வர்ணம் அடித்த அளவுக்கோடு இருக்கிறது. தினமும் அதைப் பார்த்து ஏரிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்வதுதான் என் வேலை. கோடு இறங்க இறங்க எனக்குக் கவலை மட்டும்தான் வந்தது. இந்த மூக்கைப் பார்த்ததும் வேறொன்று வந்தது. டீ ஆறிப்போகும் வரை நின்றேன்.

சந்தோஷப்பட்டேன். இதை வெளியே சொன்னால் கல்லால் அடிப்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

பெரியவர்கள் "ஏரி இருந்த காலத்துல" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஏரியை யாரோ வற்றடித்த பிறகு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு ஏரி என்றால் வெடித்த மண். ஓடினால் குதிகாலில் உப்பு ஒட்டும். எதுவும் எதையும் மறைக்காது. மாலையில் நம் நிழல் கரை வரை போகும். ஒரு பக்கம் தரைதட்டிக் கிடந்த அந்தப் படகு, மறுபக்கம் அப்பாவின் ஓட்டை டீசல் பீப்பாய். நடுவே நீ, நான் உதைக்கும் பந்துக்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

போனை ஏன் எடுப்பதில்லை? ஐஸ் வண்டி அபூ கராரிடம் கேட்டேன். "எழுதிக் குடு, கொண்டுபோய்க் குடுத்துடறேன். என் வாயைக் கிளறாதே" என்றார். மதகு மூடியிருப்பதைப்பற்றி அங்கே அபூ ஸித்ர ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும். அது அலுவலகத்தின் முடிவு. ஜூலை கடைசி வரை மூடித்தான் இருக்கும். அதற்காக நீயுமா?

கயூன்

*

அபூ ஸித்ர
ஜூன் 4

கயூன்,

உன் கடிதம் ஐஸ் உருகி நனைந்து வந்தது. பாதி மை ஓடிவிட்டது. ஓடாத பாதியில் கோல்கம்பம் இருந்தது. கஹ்லா இல்லை.

கஹ்லா யார் என்றாவது நினைவிருக்கிறதா? என் கல்யாணத்துக்கு அப்பா ஓட்டிவிட்ட எருமைக்கன்று. கண்ணுக்கு மை எழுதியதுபோல் இருக்கிறாள் என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். அந்தக் கண்ணில் இப்போது பால் படர்கிறது. உன் மதகிலிருந்து சொட்டுக்கூட வராததால் இங்கே குட்டையில் மிச்சமிருப்பது உப்பு. அதில் ஊறுகாய் போடலாம். குடிக்கவும் அதுதான், படுத்துக் கிடக்கவும் அதுதான். ஜாசிப்பின் எருமை ஒன்று போன வாரம் செத்தது. வயிற்றுக் கன்றோடு.

போன் கதை கேட்டாயே. மாமனார் குல வழக்குக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தின் மேல் இல்லை. உன் மேல். மாதக் கடைசி வரை தவணை. தவணை முடியும் வரை இரண்டு பக்கமும் போனில் பேசக்கூடாது. முன்பு ஒரு கல்யாண வழக்கில் எதிர்ப்பக்கத்துக்காரன் பேசியதைப் பதிவு செய்து, பஞ்சாயத்துக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். அவன் தன் சொந்த மாமாவைத் திட்டியதும் சேர்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து தவணை என்றால் இங்கே போன் அரிசி டப்பாவுக்குள்.

நான் சும்மா இருக்கவில்லை. மாமனாரிடம் கேட்டேன்.

"மூடச் சொன்னது அலுவலகம்தானே மாமா? அவன் வெறும் சம்பளக்காரன்."

"அலுவலகத்துக்கு யாரும்மா பெரியப்பா? யாரு மச்சான்? வழக்குன்னு போனா எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணாமா?"

"அப்ப மேலே ரெண்டு நாடு தாண்டி அணை கட்டியிருக்கானே, அவன்?"

"அவன் எந்தக் குலம்னு கேட்டுச் சொல்லு. நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

ஜாசிப் சிரித்துவிட்டார். எருமை செத்த பிறகு என் கணவர் சிரித்தது அன்றுதான். மாமனார் சிரிக்கவில்லை.

"உன் தம்பிக்கு அப்பன் பேரு இருக்கு, பாட்டன் பேரு இருக்கு. கைக்கெட்டற தூரத்துல இருக்கான். வேற யார் மேல நான் வழக்குப் போடறது, காத்து மேலயா?"

அப்பாவும் அம்மாவும் இதைப் பார்க்க இல்லாதது நல்லது.

மதகைத் திற. அக்கா சொல்கிறேன்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மட்டும் நனையவே இல்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

நஷ்மியா

*

மதகுக் குடிசை
ஜூன் 9

அக்கா,

கஹ்லாவை மறக்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். ஏரியின் நடுத்திட்டில் ஒரு நாணல் குருவி கூடு கட்டியிருக்கிறது. சாம்பல் நிறம், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நம் ஏரிகளை விட்டால் கூடு கட்ட அதற்கு உலகத்தில் போக்கிடம் கிடையாது. தண்ணீருக்கு மேல், நாணல் தண்டுகளைச் சேர்த்துப் பின்னித் தொங்கவிடுகிறது. கீழே தண்ணீர் இருக்கும் வரைதான் அது கூடு. தண்ணீர் இறங்கினால் காட்டுப்பன்றி நடந்தே வந்து முட்டையைத் தின்னும். உங்கள் வலையில் விழும் கெண்டையும் இங்கேதான் குஞ்சு பொரிக்கிறது. இரண்டுக்கும் ஜூலை கடைசி வரை தண்ணீர் வேண்டும்.

திறந்தால் உங்களுக்கு என்ன வரும் தெரியுமா? கணுக்கால் ஆழம். அகலமாகப் பரவி, வெயிலில் வற்றி, ஒரே வாரத்தில் மறுபடியும் உப்பு. இங்கேயும் இருக்காது, அங்கேயும் இருக்காது.

இதை அலுவலகத்தில் சொல்லும்போது சரியாக இருக்கிறது. உனக்கு எழுதும்போது ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் மொத்தமாகச் சரியில்லை. ஏன் என்று தெரியவில்லை.

தண்ணீர் திரும்பி வந்த நாளை இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார்கள். நாம் விளையாடிக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம்கூட இல்லை. ஒரு பழுப்புநிற நாக்கு, முன்னால் தூசியையும் செத்த வண்டுகளையும் தள்ளிக்கொண்டு வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா சட்டையோடு சேற்றில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் அந்தப் பச்சைப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதைத் தூக்கியது. மெதுவாக, கோலுக்குள் கொண்டுபோயிற்று. உன் பக்கமாகத்தான் போனது. நீ பிடிக்கவில்லை.

நாம் இருவரும் அழுதோம். அம்மா ஆளுக்கு ஒரு அறை விட்டாள். "உலகமே சிரிக்குது, இதுங்க எழவு விழுந்த மாதிரி."

பிறகு நான் பல்கலைக்கழகத்தில் ஏரியைப் படித்தேன். ஏரியைக் காப்பாற்றும் வேலைக்கு வந்தேன். என் மைதானத்தை மூழ்கடித்து வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

கயூன்

*

அபூ ஸித்ர
ஜூன் 15

கயூன்,

நன்றாக எழுதுகிறாய். குருவிக்குப் போக்கிடம் கிடையாது என்கிறாய். எங்களுக்கு இருக்கிறது என்று யார் சொன்னது?

ஜாசிப் நஜஃப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் பேசியிருக்கிறார். குடும்பத்தோடு வரச்சொல்லிவிட்டார்கள். எருமைகளை விற்க வேண்டும். நேற்று கறித் தரகன் பிக்கப்பில் வந்தான். கஹ்லாவின் முதுகெலும்பைக் காய்கறியை அழுத்துவதுபோல் அழுத்திப் பார்த்தான்.

"கண்ணு போயிட்டிருக்கு. ஏதோ கறிக்குக் கண்ணு எதுக்குன்னு நான் வாங்கறேன்."

"உனக்கும் வியாபாரத்துக்கு நாக்கு எதுக்கு? அறுத்துடவா?" என்றேன்.

போய்விட்டான். திரும்பி வருவான். இந்த ஊரில் எல்லார் வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறான். தவணை முடிகிற வாரம் வண்டியோடு வருகிறேன் என்று ஜாசிப்பிடம் சொல்லியிருக்கிறான். அதற்குள் தண்ணீர் வர வேண்டும். இல்லையென்றால் நான் எருமைக்காரி இல்லை, சூளைக்காரி.

கஹ்லா முன்னால் போனால்தான் எங்கள் தெரு எருமைகள் எல்லாம் போகும். அவள் நின்றால் நிற்கும். இப்போது அவள் தினமும் காலையில் பழைய கால்வாய் வாயில் போய் வடக்கே பார்த்து நிற்கிறாள். காற்று உன் பக்கமிருந்து வரும்போது மூக்கைத் தூக்குகிறாள். பின்னால் ஊர் எருமை மொத்தமும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நமாஸுக்கு வரிசை கட்டியதுபோல் இருக்கிறது. உன் தண்ணீரின் வாசனை அவற்றுக்கு வருகிறது, கயூன். கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. அதைவிட ஏரி வற்றியே போயிருக்கலாம்.

பந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீ பந்துக்காக அழுதாய். நான் பந்துக்காக அழவில்லை. தண்ணீரோடு ஊர் திரும்பி வந்தது. ஊரோடு அதன் வழக்கமெல்லாம் வந்தது. காய்ந்த மண்ணில் பெண் கோலில் நிற்கலாம், யாரும் பார்க்கவில்லை. மறுநாளே அம்மா பெட்டியிலிருந்து கறுப்பு அபாயா அங்கியை எடுத்து என் மேல் போட்டுப் பார்த்தாள். நீளம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் ஓடியதே இல்லை.

பந்து என் பக்கம் வந்தது உண்மை. நான் பிடித்திருக்கலாம். அதற்குப் பின்னால் வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

திறக்க முடியுமா, முடியாதா? ஒரு வார்த்தையில் எழுது. பல்கலைக்கழகத்தை வீட்டில் விட்டுவிட்டு எழுது.

நஷ்மியா

*

மதகுக் குடிசை
ஜூன் 18

அக்கா,

முடியாது.

இன்று சக்கரத்தைப் பிடித்தேன். கொஞ்சம் சுற்றினேன். பலகை தூக்கியது. தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு மூடிவிட்டேன். கையில் இன்னும் கிரீஸ் வாசனை. இந்தத் தாளிலும் இருக்கும்.

தண்ணீரை உன்னிடம் அனுப்ப முடியாது.

கரையின் தெற்கு மூலை தாழ்வாக இருக்கிறது. அங்கே கம்பிவேலி சாய்ந்து கிடக்கிறது. சரிசெய்யச் சொல்லி எழுதினேன், யாரும் வரவில்லை. நான் யாரையும் அழைக்கவில்லை. இந்த எல்லைக்குள் கால்நடை வரக்கூடாது. அழைக்க எனக்கு அதிகாரம் இல்லை.

குடிசை வாசலுக்கு யாராவது அடைக்கலம் என்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

க.

*

மதகுக் கரை, தெற்கு மூலை
ஜூலை 3

கயூன்,

பஸ்ராவில் இருக்கிறாய் என்று அபூ கரார் சொன்னார். "உன் தம்பி மூஞ்சி சோறு கண்டு ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கு" என்றார். சாப்பிடு.

உன்னைக் கூடத்துக்குள் விடவில்லை, அதனால் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் நாணல் சுவருக்குப் பின்னால் பெண்களோடு இருந்தேன். எல்லாம் கேட்டது. எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் என் எருமைகளை மட்டும்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். சத்தியம். கஹ்லாவின் கொம்பில் கைவைத்து, பழைய கால்வாய் வழியாக நடத்தினேன். கண் தெரியாதவள் என்னைவிட வேகமாகப் போனாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஊர் மந்தை மொத்தமும் பின்னால் வருகிறது. கத்தினேன். மண்ணாங்கட்டியை எறிந்தேன். கஹ்லா போகிறாள், வருகிறோம் என்று வந்துகொண்டே இருந்தன. நீ பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். அடைக்கலம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அவை உன்னைத் தாண்டிப் போய்விட்டன. உன் முகத்தை நான் மறக்கமாட்டேன். சாய்ந்த வேலி வழியாக ஒரு வீட்டு மந்தையை எதிர்பார்த்தாய்.

கூடம். கசப்புக் காபி வந்தது. மாமனார் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். வழக்குக்கு வந்தவர் கேட்டது கிடைக்கும் வரை எதிராளி வீட்டில் எதையும் வாயில் வைக்கமாட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் பெரியப்பா சக்பான் தெரியாதவர்போல் ஆரம்பித்தார்.

"குடிங்க ஹாஜி, ஆறிடும்."

"வழக்கு முடியட்டும்."

"நீங்க குடிக்காட்டி என்ன. உங்க எருமைங்க குடிச்சாச்சே."

"என்னது?"

"எங்க பையன் வாசல்ல வந்து, தலையைக் குனிஞ்சு, வயிறு முட்டக் குடிச்சிட்டு அங்கேயே படுத்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஊரு மொத்தமும். எதிராளி தண்ணியைக் குடிச்சிட்டு அவன் மேலேயே வழக்கா?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது.

"எருமை குடிச்சா நான் குடிச்ச மாதிரியா, சக்பான்?"

"போன தடவை இதே இடத்துல என்ன சொன்னீங்க? எருமையோட தாகம் என் தாகம்னீங்க. தாகம் உங்களுதுன்னா குடிச்சது யாரு?"

என் பக்கத்திலிருந்த ஜாசிப்பின் தங்கை வாயில் முக்காட்டுத் துணியைத் திணித்துக்கொண்டாள்.

"அது பொம்பளை ஓட்டிட்டுப் போனது."

"உங்க மருமக. அடைக்கலம்னு வந்தா. அடைக்கலம் வந்தவளை வாசலோட திருப்பி அனுப்பறதுதான் உங்க பக்கத்து வழக்கம்னா சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்."

நடுவராக வந்திருந்த சையது இரண்டு கையாலும் தாடியை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமனார் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். வழக்கு முடிந்தது.

ஆனால் அவர் முகம் அப்படியே இருந்தது. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"குடிச்சிட்டேன். ஒண்ணும் கேக்கல. ஆனா சினை எருமை செத்ததை என் கையால இழுத்துப் போட்டிருக்கேன். ஒரு வருஷம் அவன் என் கண்ணுல படவேணாம். ஏரியிலேர்ந்து அபூ ஸித்ர வரைக்கும் நிலத்துல அவன் கால் படக்கூடாது."

சரி என்றார்கள். பெரியப்பாவும் சரி என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் மந்தைகள் தெற்கு மூலையில் இருக்கின்றன. அலுவலகம் விரட்ட வந்தது, சையது பேசினார், மூலையோடு நிற்கவேண்டும் என்று கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கறித் தரகன் வண்டியோடு வந்து கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். ஜாசிப் சூளைக்காரனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். நான் உன் குடிசையின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் டீ டம்ளர் ஜன்னலில் இருக்கிறது. கழுவாமல்.

எனக்குத் தண்ணீர் கிடைத்தது. அதற்கு உன்னைக் கொடுத்துவிட்டேன்.

நஷ்மியா

*

பஸ்ரா
ஜூலை 21

அக்கா,

வழக்கு முடிந்துவிட்டது, போனில் பேசலாமே என்று அபூ கராரிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். பேசினால் எருமைகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வருகிறது. எழுதுவதே நல்லது.

குடிநீர்க் கடையில் வேலை. இங்கே குழாயில் உப்புதான் வருகிறது. நாங்கள் அதை இயந்திரத்தில் விட்டு வடிகட்டி கேன்களில் நிரப்புகிறோம். சினிமாவில் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். உப்பால் வேலை போனவன் உப்பால் வேலை பெற்றான்.

அலுவலகத்துக்குக் கடைசியாக ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தெற்கு மூலையில் ஒரு கூடும் மிஞ்சவில்லை. நாணல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு கூட்டை எடுத்துப் பார்த்தேன். கிண்ணம் மாதிரி. உள்ளே சேறு. அதை எழுதினேன். வேலியைப்பற்றியும் எழுதினேன், எனக்குத் தெரிந்தே அது சாய்ந்திருந்தது என்று. மேலதிகாரி நல்ல மனிதர். "ஏம்ப்பா, ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா வேலையில இருந்திருப்பியே" என்றார். எந்தப் பொய் என்று கேட்டேன். அறிக்கையை மூடிக் கோப்பில் வைத்தார்.

உன் மேல் கோபமாக இருந்தேன். ஊர் மந்தை முழுவதையும் கொண்டுவந்துவிட்டாய் என்று. கேன்களைக் கழுவும்போது அந்தக் கோபத்தைத் தேடுகிறேன், கிடைக்கமாட்டேன் என்கிறது. நீ ஒன்றை ஓட்டினாய், மற்றவை பின்னால் வந்தன. நான் ஒரு மூலையைக் கொடுத்தேன், மற்றது பின்னால் வந்தது.

நடுத்திட்டில் கூடுகள் மிஞ்சினவா? பார்க்க இப்போது அங்கே யாரும் இல்லை. உன்னைப் பார்க்கச் சொல்ல எனக்கு முகமில்லை.

கயூன்

*

மதகுக் கரை
அக்டோபர் 2

கயூன்,

பார்த்தேன். கேட்காவிட்டாலும் பார்த்தேன்.

ஜூலை கடைசியில் ஜாசிப்பின் படகில் கயிற்றைத் தாண்டிப் போனேன். நாணலுக்குள் கத்திக்கொண்டே இருந்தன. குஞ்சுகள் வாலே இல்லாமல், தண்டைப் பிடித்துக்கொண்டு, பயமே இல்லாமல் என்னைப் பார்த்தன. அழகாகவே இல்லை, நீ சொன்னது சரி. ஆகஸ்டில் ஒரு காலை சத்தமே இல்லை. போய்விட்டன. பறந்துதான் போயின, பன்றி தின்னவில்லை. இறகு எதுவும் கிடக்கவில்லை.

மதகைத் திறக்காதது சரி என்று சொல்லமாட்டேன். பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

கஹ்லாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. உயிரோடு இருக்கிறாள். நான் குரல் கொடுத்தால் திரும்புகிறாள். மற்றவை இன்னும் அவள் பின்னால்தான் போகின்றன. அவளுக்குக் கண் தெரியாது என்று அவற்றிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரி இறங்கிவிட்டது. மதகு மூடியிருந்தும், மேலேயிருந்து வராமல், வெயில் குடித்துவிட்டது. மந்தைக்கு மேற்கே ஆழமான மடு மட்டும் இருக்கிறது. அது போதும், மழை வரை தாங்கும். மற்ற இடமெல்லாம் தரை.

படகு முழுதாக வெளியே கிடக்கிறது.

பீப்பாயும் இருக்கிறது. துருவில் பாதி கரைந்து, பல்போன வாய் மாதிரி. ஆனால் அதே இடம். நான் இரண்டுக்கும் நடுவே போய் நின்றேன். மண் வெடித்திருக்கிறது. குதிகாலில் உப்பு ஒட்டியது. அபாயாவைக் கழற்றிப் படகின் மூக்கில் மாட்டினேன். யாரும் இல்லை. கரை வரை ஓடிப்போய்த் திரும்பி ஓடி வந்தேன். முழங்கால் வலிக்கிறது. நம் மைதானம் நாம் நினைத்ததைவிடச் சின்னது, கயூன்.

எல்லாரும் தண்ணீர் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். நானும் வேண்டுகிறேன், என் எருமைகளுக்கு அது வேண்டும். ஆனால் முடிக்கும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் தாமதமாக வரட்டும். என் தம்பி வந்து பார்த்துவிட்ட பிறகு வரட்டும்.

வருவாயா? விலக்கு இருக்கிறது, தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

நஷ்மியா

*

பஸ்ரா
அக்டோபர் 9

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில், கேன்களுக்கு நடுவில் நின்று படித்தேன். முதலாளி "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒரு மைதானம் என்றேன்.

மாமனாரிடம் ஒன்று கேட்டுச் சொல். ஏரியிலிருந்து அபூ ஸித்ர வரை நிலத்தில் என் கால் படக்கூடாது என்றார். ஏரியின் அடி நிலமா? எந்தக் குலத்தின் நிலம் அது? யாரும் பட்டா வாங்கியதில்லை, யாரும் விதைத்ததில்லை. கூடத்தில் பெரியப்பா எருமையை வைத்து வாதாடியதுபோல் நானும் வாதாடிப் பார்க்கிறேன். அது நிலம் இல்லை என்று அவர் சொன்னால் நாளைக்கே வருகிறேன். பந்தும் வாங்கிவிட்டேன். பச்சை கிடைக்கவில்லை. மஞ்சள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மழை வருவதற்குள் கேள்.

கயூன்

*

மதகுக் கரை
நவம்பர் 24

கயூன்,

தாமதமாக எழுதுகிறேன். மாமனார் காய்ச்சலில் கிடந்தார், கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கஹ்லாவின் பாலேட்டை ரொட்டியில் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்டேன். முழுதும் சாப்பிட்டார். பிறகு விரலை நக்கிக்கொண்டே சொன்னார்.

"ஏரி வத்திக் கிடந்தா அது நிலம்தான். காய்ஞ்ச நிலம். அவன் கால் படக்கூடாது."

நான் எழுந்துவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டேன்.

"உக்காரு. முடிக்கலையே. தண்ணி இருந்தா அது நிலம் இல்ல. படகுல போறவன் கால் எங்கே படுது? படகுலதானே படுது." பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்: "நான் தண்ணி மேல போறவனையெல்லாம் நின்னு எண்ணிட்டிருக்க முடியாது. எனக்குக் கண்ணு சரியில்ல."

அதனால் நீ அந்த மண்ணில் நிற்க முடியாது. மண் தெரிகிறவரை வரக்கூடாது, வரலாம் என்கிறபோது மண் இருக்காது. மூன்று நாள் இதை நினைத்து அழுதேன். நாலாம் நாள் மழை வந்தது. மேலேயும் பெய்திருக்கிறது, ஆறு சிவப்பாக வருகிறது. நீ இருந்த குடிசைக்குப் புதிதாக வந்திருக்கும் பையன் மதகுக்கு ஓடினான். தெற்கு மூலையை எங்களுக்கு விட்டுவிட்டு, வசந்தத்தில் நடுத்திட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று அலுவலகம் சொல்லியிருக்கிறது. நாங்கள் சரி என்றோம். அடுத்த வறட்சியில் யார் யார் மேல் வழக்குப் போடுவார்களோ, தெரியாது.

இன்று காலை தண்ணீர் மைதானத்துக்கு வந்தது. நான் நின்று பார்த்தேன். அதே பழுப்பு நாக்கு, அதே செத்த வண்டுகள். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் இட்டேன். கஹ்லா முன்னங்கால் நனைந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பீப்பாய் மறைந்தது. இப்போது படகின் மூக்கு மட்டும் இருக்கிறது. நாளைக்கு அதுவும் போய்விடும். அதன் மேல் ஒரு மூங்கிலை நட்டு என் பழைய சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறேன். கோல் எங்கே என்று உனக்குத் தெரிய வேண்டுமே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அபூ கராரின் தம்பி படகில் கிழக்கு வாய்க்கால் வழியாக வா. காலைத் தொங்கவிடாதே, மாமனாருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். நான் ஜாசிப்பின் படகில் துணிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

நீ அந்தப் பக்கத்திலிருந்து எறி. சின்ன வயதில் நீ அடித்தது ஒன்றுகூட உள்ளே போனதில்லை, நினைவிருக்கிறதா? என்னைத் தாண்டிப் போனது தண்ணீர் கொண்டுபோன அந்தப் பந்து ஒன்றுதான்.

மஞ்சளானாலும் பரவாயில்லை. இந்த முறை பிடிப்பேன்.

நஷ்மியா